ஒருவர் போக, ஒருவர் இருக்க

நாமக்கல்லில் புறப்பட்ட லாரி பெங்களூர், ஐதராபாத், நாகபுரி எல்லாவற்றையும் தாண்டி மத்தியப் பிரதேசத்தின் சிவனி மாவட்டத்துக்குள் நுழையும்போது ஊரை விட்டு 1,400 கி.மீ.க்கு மேல் வந்திருக்கும். பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 அங்கே நேர்த்தியானது. புலியும் மானும் அடிபடாமல் கடந்து போக, சாலையையே தூக்கி நிறுத்திக் கீழே வழி விட்டிருக்கிறார்கள். சேலத்து ஜவ்வரிசி மூட்டைகளோடு கான்பூர் போகும் ஒரு லாரி, இரவு இரண்டு மணிக்கு அந்த இடத்தில் நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். புலிக்கு வழி இருக்கிறது. லாரி டிரைவருக்கு என்ன வழி?

கோளாறு பெரிதல்ல. பின் ஆக்சில் தண்டு முறிந்திருக்கிறது. என்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது, சக்கரம் மட்டும் சுற்றவில்லை. அனுபவப்பட்ட டிரைவருக்கு இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. போல்ட்டுகளைக் கழற்றி, முறிந்த துண்டுகளை உருவி எடுத்து, புதிய தண்டைச் செருகி முடுக்கினால் வண்டி கிளம்பிவிடும். கையில் பொருள் இருந்தால் சில மணி நேர வேலை. பொருள்தான் இல்லை. அதை வாங்க யாராவது சிவனிக்கோ நாகபுரிக்கோ போக வேண்டும். வெறுங்கையோடு போனால் போதாது. மாடலுக்கு மாடல் அளவு மாறும், பல் எண்ணிக்கை மாறும். முறிந்ததையே சாம்பிளாகத் தூக்கிக்கொண்டு போவதுதான் நல்லது. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீள இரும்பு.

அதே நேரத்தில் வண்டியோடு யாராவது இருந்தாக வேண்டும். மேலே பல லட்ச ரூபாய்ச் சரக்கு. கீழே டீசல் டேங்க், பேட்டரி, ஸ்டெப்னி. தார்ப்பாயைக் கிழித்து மூட்டையை இறக்கவும், டேங்க்கில் டியூப் விட்டு டீசலை உறிஞ்சவும் நெடுஞ்சாலையில் ஆட்கள் உண்டு. ஆகவே பிரேக் டவுனின் கணக்கு எந்த ஊரிலும் ஒன்றுதான்: ஒருவர் போக, ஒருவர் இருக்க.

இன்று அந்த லாரியில் பெரும்பாலும் ஒரே ஆள்தான் இருக்கிறார். முறிந்த தண்டோடு அவர் பஸ் ஏறினால் வண்டிக்குக் காவல் இல்லை. வண்டியோடு இருந்தால் தண்டு வராது. முதலாளிக்குப் போன் போட்டால், "அங்கேயே பக்கத்துல யாரையாவது பாருப்பா" என்பதற்கு மேல் அவராலும் அதிகம் சொல்ல முடியாது. ஜி.பி.எஸ். கருவி வண்டி நின்ற இடத்தை முதலாளியின் செல்போனில் ஒரு புள்ளியாகத் துல்லியமாகக் காட்டுகிறது. அந்தப் புள்ளிக்குப் போய்ச் சேரத்தான் ஆள் இல்லை.

முன்பு ஆள் இருந்தார். அவருக்குக் கிளீனர் என்று பெயர். அந்தச் சொல் அவருடைய வேலையில் கால்வாசியைக்கூடச் சொல்லாது. கண்ணாடி துடைப்பது உண்மைதான். டயரைக் கம்பியால் தட்டிச் சத்தத்தை வைத்தே காற்று குறைந்ததைச் சொல்வது, தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டுவது, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று குரல் கொடுப்பது, ஸ்டவ் பற்றவைத்துச் சோறாக்குவது, மேட்டில் வண்டி நின்றால் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைப்பது என்று அவருடைய வேலை நீளும். பிரேக் டவுன் ஆனால் அவர்தான் போவார் அல்லது அவர்தான் இருப்பார். டிரைவரை அவர் "அண்ணே" என்பார். வடக்கே அதே உறவுக்கு "உஸ்தாத்" என்று பெயர். குரு என்று அர்த்தம்.

அந்தப் பெயர் பொருத்தமானது. லாரித் தொழிலுக்கு வேறு பள்ளிக்கூடம் கிடையாது. ஒவ்வொரு பிரேக் டவுனும் ஒரு பாடம். டீசல் லைனில் ஏர் பிடித்தால் கைப்பம்பை அடித்து எப்படி வெளியேற்றுவது, வெடித்த ஹோஸ் பைப்பைப் பழைய டியூப் ரப்பரால் சுற்றி அடுத்த ஊர் வரை எப்படி ஓட்டுவது, உடைந்த கமான் பட்டையைக் கயிறும் கட்டையும் வைத்து எப்படிச் சமாளிப்பது என்று சாலையோரத்தில் கிரீஸ் கையோடு கற்றுக்கொண்டவர்கள்தான் பிறகு டிரைவர் ஆனார்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் கிளீனராக ஏறி, டிரைவராகி, கடன் வாங்கிச் சொந்த வண்டி போட்டவர்கள் பலர். அந்த ஏணியின் முதல் படி கிளீனர் சீட்.

அந்தப் படி கழன்றுபோனதற்கு ஒரே ஒரு காரணம் இல்லை. கிளீனருக்குச் சம்பளம், பேட்டா, சாப்பாடு எல்லாம் வாடகையிலிருந்துதான் வர வேண்டும். ஓரிரு வண்டி வைத்திருக்கும் சிறு உரிமையாளருக்கு மாதத் தவணை, டீசல், டயர், சுங்கக் கட்டணம், இன்ஷூரன்ஸ் போக மிஞ்சுவது கொஞ்சம். அதில் முதலில் வெட்டக்கூடிய செலவு அந்த இரண்டாவது ஆள். இன்னொரு காரணம் நல்ல காரணம். பழைய நாட்களில் கிளீனர் என்று ஏறியவர்களில் பலர் சிறுவர்கள். பள்ளியில் இருந்திருக்க வேண்டிய வயதில் லாரிக்கு அடியில் படுத்துத் தூங்கியவர்கள். இன்று அந்தப் பையன்கள் பள்ளியில் இருக்கிறார்கள், பாலிடெக்னிக்கில் இருக்கிறார்கள், பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். அதற்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் பையன் போன இடத்துக்குப் பெரியவர் ஒருவர் வரவில்லை. இடமே எடுக்கப்பட்டுவிட்டது.

சட்டமும் அதற்கு ஒத்துழைத்தது. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், நேஷனல் பர்மிட் லாரிக்குக் குறைந்தது இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மாற்று டிரைவர் காலை நீட்டிப் படுக்க வண்டியின் முழு அகலத்துக்கு ஒரு சீட் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. ஏட்டில் இருந்த அளவுக்கு அது ரோட்டில் இருந்ததில்லை. இரண்டாவது டிரைவர் என்று காகிதத்தில் கணக்குக் காட்டிய இடத்தில் கிளீனர் உட்கார்ந்திருந்தார். 2018-ல் மத்திய அரசு இந்த இரண்டு டிரைவர் நிபந்தனையைக் கைவிட்டது. அதே 2018-ல் சரக்கு வண்டிகளின் அனுமதிக்கப்பட்ட எடையும் உயர்த்தப்பட்டது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆனது. ஒரே ஆண்டில் லாரி 2.3 டன் கூடுதலாகச் சுமக்கவும், ஓர் ஆள் குறைவாக ஓடவும் அனுமதி பெற்றது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்றைய லாரி 30 ஆண்டுகளுக்கு முந்தைய லாரி அல்ல. சாலை நன்றாக இருக்கிறது. சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வந்துவிட்டது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். அன்றைய வண்டிகள் அளவுக்கு இன்றைய வண்டிகள் அடிக்கடி நடுவழியில் நிற்பதில்லை. நின்றால் போன் இருக்கிறது. எஸ்.டி.டி. பூத்தைத் தேடி மூன்று கி.மீ. நடக்க வேண்டியதில்லை. மணியார்டர் வரும்வரை புக்கிங் ஏஜென்ட்டிடம் கைமாற்றுக் கேட்டு நிற்க வேண்டியதில்லை. முதலாளி ஒரு நிமிடத்தில் செல்போனிலேயே பணம் அனுப்பிவிடுகிறார்.

ஆனால் அரிதாக நிற்கும் வண்டி, நின்றால் அசையாத வண்டியாகவும் ஆகிவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 மாசு விதிகளின்படிதான் புதிய லாரிகள் வருகின்றன. என்ஜினை ஒரு கம்ப்யூட்டர் ஆட்டுவிக்கிறது. புகையைச் சுத்தப்படுத்த 32.5 சதவீத யூரியா கரைசலுக்குத் தனி டேங்க் இருக்கிறது. அந்தக் கரைசல் தீர்ந்தாலோ, தரம் கெட்டிருந்தாலோ, அதை அளக்கும் சென்சார் பழுதானாலோ, என்ஜின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். முறிந்தது எதுவும் இருக்காது. ஒழுகியது எதுவும் இருக்காது. டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் எரியும். லோடோடு மேடு ஏற முடியாமல் வண்டி ஊர்ந்து, ஓரம் கட்டிவிடும்.

இந்தக் கோளாறுக்கு ஸ்பேனர் உதவாது. கம்பெனியின் சர்வீஸ் ஆள் ஸ்கேனரைக் கொண்டு வந்து மாட்டிப் பார்க்க வேண்டும். பெரிய லாரிக் கம்பெனிகள் 24 மணி நேர உதவி எண் வைத்திருக்கின்றன. பெருநகரங்களை ஒட்டிய சாலைகளில் இதனால் பலன் உண்டு. வனப்பகுதியில் சிக்னல் கிடைக்காத வளைவில் நிற்பவருக்கு, சர்வீஸ் வேன் வரும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. முன்பெல்லாம் பிரேக் டவுன் என்றால் வேலை. இப்போது பிரேக் டவுன் என்றால் காத்திருப்பு. கற்றுக்கொடுக்க அதில் பாடமும் இல்லை, கற்றுக்கொள்ளப் பக்கத்தில் ஆளும் இல்லை.

காத்திருப்பில் முதல் ஆபத்து உயிருக்கு. 2021 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி மாவட்டத்தில், வட மாநிலங்களில் வேலை செய்துவிட்டு பீகாருக்குத் திரும்பிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்களின் பஸ் நடுவழியில் பழுதாகி நின்றது. இறங்கி, பஸ்ஸுக்கு அருகே சாலையிலேயே படுத்திருந்தார்கள். பின்னால் வந்த லாரி பஸ்ஸில் மோதியது. 18 பேர் இறந்தார்கள். 2023 செப்டம்பர் 11 விடியற்காலை திருப்பத்தூர் மாவட்டம் நாட்டறம்பள்ளி அருகே, சுற்றுலா போய்த் திரும்பிய வேன் ஒன்று பழுதாகி நின்றது. இறங்கிச் சாலை நடுவே உட்கார்ந்திருந்த பெண்களில் 7 பேர், பின்னால் வந்த மினி லாரி வேனில் மோதியதில் இறந்தார்கள். இரண்டே நாள் கழித்து, செப்டம்பர் 13 அன்று ராஜஸ்தானின் பரத்பூர் அருகே பாலத்தின் மீது பழுதாகி நின்ற குஜராத் பஸ்ஸுக்கு வெளியே காத்திருந்த யாத்ரீகர்கள் மீது லாரி மோதிக் குறைந்தது 11 பேர் இறந்தார்கள்.

மூன்று இடங்களிலும் பழுது யாரையும் கொல்லவில்லை. பழுதாகி நின்ற வண்டிக்குப் பின்னால் வேகமாக வந்த வண்டி கொன்றது. பழைய லாரிக்காரர்கள் இதற்கு வைத்திருந்த வைத்தியம் கல்லும் மரக்கிளையும். வண்டிக்குப் பின்னால் வரிசையாகக் கல் வைத்து, நடுவில் ஒரு கிளையைச் செருகிவிடுவார்கள். பழுது நீங்கிக் கிளம்பும்போது கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். இரவில் அந்தக் கல் வேறொரு மோட்டார் சைக்கிள்காரரின் தலைவிதி ஆகும். இன்று நான்கு பக்க விளக்குகளையும் எரியவிட்டு, ஒளி பிரதிபலிக்கும் முக்கோணத்தை வண்டிக்கு நன்றாகப் பின்னால் வைக்க வேண்டும் என்பது டிரைவருக்குத் தெரியும். பேட்டரி இறங்கினால் விளக்கு அணையும். முக்கோணம் காற்றில் விழும், களவு போகும். பின்னால் நின்று டார்ச் அடிக்க இன்னோர் ஆள் இருந்தால் அது வேறு கதை. ஒரே ஆள் வண்டிக்கு அடியிலும் வண்டிக்குப் பின்னாலும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது.

இரண்டாவது ஆபத்து பணத்துக்கு. மோட்டார் இன்ஷூரன்ஸ் பாலிசி விபத்துக்குப் பணம் தரும். தேய்மானத்துக்கும் இயந்திரப் பழுதுக்கும் தராது. வழியோர உதவி என்று தனியாகப் பணம் கட்டிச் சேர்த்துக்கொண்டால்தான் இழுவைச் செலவாவது கிடைக்கும். டிரைவர்களில் பலருக்குச் சம்பளம் டிரிப் கணக்கு அல்லது கி.மீ. கணக்கு. வண்டி நிற்கும் நாளில் கி.மீ. ஓடாது. நான்கு நாள் நின்றால் நான்கு நாள் சாப்பாட்டுச் செலவு மட்டும் ஓடும். சரக்கு தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் பாக்கி வாடகையில் பிடித்தம் நடக்கும். பிடித்தத்தில் ஒரு பங்கு டிரைவரின் கணக்கிலும் ஏறலாம். "நீ ஒழுங்கா ஓட்டியிருந்தா ஆக்சில் ஏன் முறியுது?" என்ற கேள்விக்கு, சுமை ஏற்றியவர்களும் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு வேலையில் நீடிப்பது கடினம்.

மூன்றாவது ஆபத்து காகிதத்துக்கு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநில எல்லைகளில் வரிச் சோதனைச் சாவடிகள் போய்விட்டன. லாரிக்காரர்கள் அதை இன்றும் வாழ்த்துகிறார்கள். 2018 ஏப்ரல் முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் வேண்டும். அதற்கு ஆயுள் உண்டு. 200 கி.மீ.க்கு ஒரு நாள். 2021-க்கு முன் 100 கி.மீ.க்கு ஒரு நாள் இருந்தது. சேலத்திலிருந்து கான்பூர் சுமார் 2,000 கி.மீ. என்றால் 10 நாள். ஓடும் லாரிக்கு அது தாராளம். நிற்கும் லாரிக்கு அது கரைந்துகொண்டே போகும். ஆயுள் முடிவதற்கு 8 மணி நேரம் முன்போ, முடிந்த பின் 8 மணி நேரத்துக்குள்ளோ கம்ப்யூட்டரில் காரணம் காட்டி நீட்டிக்கலாம். சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால் புதிய வண்டி எண்ணைப் பதிய வேண்டும். அந்த நேரத்தைத் தவறவிட்டுப் பிடிபட்டால், சரக்கும் வண்டியும் நிறுத்தி வைக்கப்படும். உரிமையாளர் முன்வந்து மீட்பதென்றால், வரி செலுத்த வேண்டிய சரக்குக்கு அந்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம்.

நீதிமன்றங்களுக்கு இது புரிந்திருக்கிறது. 2020 ஜனவரியில் ஐதராபாத்தில் ஊர்வலத்தால் வழி அடைபட்டு, ஒரு சிறிய சரக்கு வண்டி உரிய நேரத்தில் போய்ச் சேர முடியவில்லை. இ-வே பில் காலாவதியானது. அதிகாரிகள் சரக்கைப் பிடித்து வரியும் அபராதமுமாக ரூ. 69,000 வாங்கினார்கள். பில் காலாவதியானதை வைத்தே வரி ஏய்ப்பு என்று முடிவு கட்ட முடியாது என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது, ரூ. 10,000 செலவுத் தொகையும் விதித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்து, செலவுத் தொகையில் மேலும் ரூ. 59,000 சேர்த்தது. வியாபாரிக்கு நியாயம் கிடைக்க இரண்டு ஆண்டு ஆனது. ராத்திரி இரண்டு மணிக்குச் சாலையோரத்தில் நிற்கும் டிரைவர், இந்தத் தீர்ப்பை எந்த அதிகாரியிடம் எந்த மொழியில் எடுத்துச் சொல்வார்?

சட்டம் அவர் பக்கம் இருப்பது வேறோர் இடத்திலும் அவருக்குத் தெரிவதில்லை. சாலையில் போக்குவரத்துக்கு இடைஞ்சலாக வண்டியை நிறுத்துவோருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 201-ம் பிரிவு ரூ. 500 வரை அபராதம் விதிக்கிறது. எதிர்பாராமல் பழுதாகி, அகற்றும் வேலை நடந்துகொண்டிருக்கும் வண்டிக்கு அது பொருந்தாது என்று 2019-ல் செய்த திருத்தம் சொல்கிறது. ஆனால் சேவ்லைஃப் அறக்கட்டளை 10 நகரங்களில் 1,200க்கும் மேற்பட்ட டிரைவர்களைச் சந்தித்து 2020-ல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. டிரைவர்கள், உரிமையாளர்களில் பத்தில் எட்டுப் பேர் கடைசிப் பயணத்தில் ஏதாவது ஒரு துறைக்கு லஞ்சம் கொடுத்ததாக ஒப்புக்கொண்டார்கள். ஓடும் லாரிக்கே இந்தக் கதி. நிற்கும் லாரி தப்பித்து ஓடவும் முடியாது.

மொழிதான் பெரிய தடை என்று வீட்டில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். தொழிலில் இருப்பவர்கள் அப்படி நினைப்பதில்லை. கிளட்ச், பினியன், நோசில், ஜாக்கி, பெல்ட் என்று லாரியின் உடம்பு முழுவதும் இந்தியா எங்கும் ஒரே மொழிதான். வடக்கே "கமானி" என்பதும் நாமக்கல்லில் "கமான் பட்டை" என்பதும் ஒன்றே. இரண்டும் வில் என்று பொருள்படும் பாரசீகச் சொல்லின் பிள்ளைகள். முறிந்த பொருளைக் காட்டினால் பேச வேண்டியதுகூட இல்லை. பேச வேண்டியது விலைக்குத்தான். அங்கேதான் மொழி தெரியாதவர் தோற்கிறார். வெளிமாநில நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் கிரேன் வாடகை ஏறும். ஒரு மணி நேர வேலைக்கு ஒரு நாள் கூலி கேட்பார்கள். அதே சாலையில், நடுராத்திரி எழுந்து வந்து பழுது பார்த்துவிட்டு நியாயமான கூலி மட்டும் வாங்கிப் போகும் மெக்கானிக்கும் இருக்கிறார். எதிரே போகும் இன்னொரு டி.என். லாரி நின்று, தன்னிடம் இருக்கும் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவதும் உண்டு. கடன் எந்த ஊரில் எப்போது தீரும் என்று யாரும் கேட்பதில்லை.

அந்த ஈரத்தை நம்பித்தான் ஒற்றை ஆள் லாரிகள் ஓடுகின்றன. நாட்டின் சரக்குப் போக்குவரத்தை வழிப்போக்கரின் நல்ல மனதின் மீது கட்டி வைப்பது சரியா என்பது கேள்வி. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033 என்ற உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. ரோந்து வண்டியும் கிரேனும் சுங்கச்சாலைகளின் கடமையில் சேர்ந்தவை. ஆனால் இடைஞ்சலை அகற்றுவது அவர்கள் வேலை. வண்டியை ஓட வைப்பது அவர்கள் வேலை அல்ல. அரசு எண்ணெய் நிறுவனங்களின் பெட்ரோல் பங்க்குகளில் டிரைவர்கள் தங்கிப் படுக்க விடுதிகள் வந்துகொண்டிருக்கின்றன. அவை நல்ல ஏற்பாடு. ஆனால் ஓடும் லாரியின் டிரைவருக்குத்தான் அங்கே போக முடியும். சரக்கை விட்டு நகர முடியாதவருக்குக் கேபின்தான் வீடு, விடுதி, காவல் கொட்டகை எல்லாம்.

செய்ய வேண்டியவை பெரிய திட்டங்கள் அல்ல. 1033-க்குச் சொன்ன பழுதின் பதிவு எண்ணே இ-வே பில் நீட்டிப்புக்குப் போதுமான சான்று என்று வைத்தால், 8 மணி நேரக் கெடுவைப் பற்றி டிரைவர் கவலைப்பட வேண்டியதில்லை. கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசினால் போதும். இழுவைக் கட்டணத்தைக் கி.மீ. வாரியாகச் சுங்கச்சாவடியிலேயே எழுதி ஒட்டினால் நம்பர் பிளேட்டைப் பார்த்து விலை சொல்வது குறையும். ரோந்து வண்டி எச்சரிக்கைக் கூம்புகளை வைத்துவிட்டுப் போகாமல், வண்டி அகலும்வரை பின்னால் காவல் நின்றால் பாராபங்கியும் பரத்பூரும் திரும்ப நடக்காமல் தடுக்கலாம்.

உரிமையாளர்களுக்கும் வேலை இருக்கிறது. வண்டி நிற்கும் நாளுக்கும் பேட்டா உண்டு என்பதை வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுத்தில் வைப்பது முதல் வேலை. தனி ஒரு முதலாளியால் ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டாவது ஆளைப் போட முடியாமல் இருக்கலாம். தமிழ்நாட்டு லாரிகள் அன்றாடம் போகும் பாதைகள் சங்கங்களுக்குத் தெரியும். நாகபுரியிலும் விஜயவாடாவிலும் இன்னும் நான்கைந்து ஊர்களிலும் மொழி தெரிந்த, தொழில் தெரிந்த ஒருவரைச் சங்கமே சம்பளத்துக்கு வைக்கலாம். பழுதாகி நிற்கும் வண்டிக்குப் பொருளோடு போகவோ, டிரைவர் போய்வரும்வரை வண்டியோடு இருக்கவோ அவர் வருவார். ஸ்டியரிங்கை விட்டு இறங்கிய மூத்த டிரைவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. வாடகையில் ஒரு சிறு பங்கு இதற்குப் போகும். சரக்கு அனுப்பும் வியாபாரியும் அதில் பங்கு கொடுக்க வேண்டும். பத்திரமாகப் போய்ச் சேருவது அவருடைய சரக்கு.

இவ்வளவுக்கும் பணம் ஏது என்பார்கள். இரண்டாவது ஆளுக்கான செலவு லாரித் தொழிலிலிருந்து இன்னும் மறையவில்லை. வாடகை பேசும் மேஜையில் அது மிச்சமாகத் தெரிகிறது. காட்டுச் சாலையில், மூன்று இரவு தூங்காமல், தார்ப்பாயையும் டீசல் டேங்க்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முதல் ஆள் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார். நான்காம் நாள் தண்டு வந்து, வண்டி கிளம்பி, கெடு முடிவதற்குள் கான்பூரை எட்டிவிட வேண்டும் என்று அவர் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது, அந்தத் தூக்கத்தின் விலையில் எதிரே வருகிறவர்களுக்கும் பங்கு வந்துவிடுகிறது.